குழாய்ச் சத்தம்

"பையைக் கொட்டு."

அம்மா அதை உரக்கச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்ற ஜாக்கிரதை அவள் குரலில் எப்போதும் இருக்கும், கோபத்திலும் இருந்தது. சமையற்காரி கூடத்தின் நடுவே நின்றாள். முகக்கவசம் மூக்குவரை ஏறியிருந்ததால் கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"என் பையில என்னம்மா இருக்கப் போகுது? ரெண்டு துணி, ஒரு சீப்பு."

"இருக்கறதைத்தான் பாக்கணும்ங்கறேன். கொட்டு."

அவள் கொட்டினாள். துணிகள், சீப்பு, போன் சார்ஜர், தலைவலி மாத்திரை அட்டை, ஒரு சிறுமியின் பள்ளிக்கூடப் புகைப்படம். வேறொன்றுமில்லை. அம்மாவின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அதற்குள் சாமான் அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அங்க என்ன தேடறீங்க? இங்க வந்து பாருங்க."

அப்பா ஓய்வுபெற்று வருஷக்கணக்கானாலும் அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் மேனேஜர்தான். கையுறை போட்டுக்கொண்டு, சமையலறை இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கூடத்துத் தரையில் பரப்பினார். பிஸ்கட் உறைகள், பால்பவுடர் பாக்கெட், வழித்து நக்கிய ஜாம் பாட்டில், கல்யாண விருந்தினருக்கென்று எடுத்து வைத்திருந்த சாக்லேட்டின் ஜிகினாத் தாள்கள். எல்லாம் சமையற்காரியின் பாயின் கீழ் இருந்தவை. பரப்பி முடித்ததும் அவற்றின் மேல் கிருமிநாசினி அடித்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, சமையற்காரியின் காலடியிலும் கொஞ்சம் அடித்தார்.

"ஒரு மனுஷி தின்கிற அளவா இது? ஊரே ரொட்டிக்கு வரிசையில நிக்குது. நீ ராத்திரியும் பகலும் என் வீட்ல விருந்து வெச்சிருக்கே!"

சமையற்காரி அந்த உறைகளைப் பார்த்தாள். பிறகு மேனேஜரையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. குளியலறை வாசலில் முகம் கழுவிய ஈரத்தோடு நின்றுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தாள்.

"பாப்பா, நீங்க சொல்லுங்க."

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் சிட்டு என்று பெயர். சின்ன வயதில் தட்டில் பாதிக்கு மேல் மிச்சம் வைப்பாள் என்பதால் வந்த செல்லப்பெயர். பெருமையாகச் சொல்லிச் சொல்லியே ஒட்டிக்கொண்டது. சிட்டுவின் தொண்டை எரிந்துகொண்டிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கே வந்தாள்.

"அவளை ஏன் இழுக்கறே? அவ குருவி மாதிரி கொறிக்கிறவ. அவ தட்டுல விடறதை எடுத்துக் கொட்டறதே நீதானே?"

"பாப்பா," என்றாள் சமையற்காரி மறுபடியும். இந்த முறை அதில் கெஞ்சல் இல்லை.

"எனக்குத் தெரியாது," என்றாள் சிட்டு.

சமையற்காரி குனிந்து துணிகளைப் பைக்குள் திணித்தாள். மேனேஜர் உறைகளைப் படம் எடுத்தார். அவள் நிமிர்ந்தபோது அவளையும் எடுத்தார். அடையாளம் தெரிய வேண்டுமென்று முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். மற்ற நாளில் அவள் அதை இறக்கினால் குதித்திருப்பார்.

வாசலில் அம்மா அவளிடம் புது முகக்கவசம் ஒன்றைக் கொடுத்தாள். "பஸ்ஸெல்லாம் ஓடலை. நடந்துதான் போகணும், பத்திரம். வழியில போலீஸ் கேட்டா எங்க வீட்டுப் பேரைச் சொல்லாதே."

கதவு சாத்துவதற்குள் மேனேஜர் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுவிட்டார். 'எச்சரிக்கை. இவரை வேலைக்கு வைக்க வேண்டாம்.' கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன.

நோய் பரவி ஊரடங்கு போட்டபோது குடியிருப்புச் சங்கம் ஒரு விதி வைத்தது. வேலையாட்கள் உள்ளேயும் வெளியேயும் போய் வரக் கூடாது. தங்கினால் தங்கலாம், இல்லாவிட்டால் வரவே வேண்டாம். அம்மாவுக்குச் சமையல் பழக்கம் விட்டுப்போய் வெகுநாளாயிற்று. "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இங்கயே இருந்துடேன்," என்று சமையற்காரியிடம் சொன்னாள். அவளும் மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்து இருந்துகொண்டாள். வீட்டில் விருந்தினர் அறை ஒன்று காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் சிட்டுவின் கல்யாணத்துக்கு வாங்கிய புதுக் கட்டில் பிரிக்காமல் நின்றது. வீட்டுப் பெண் மாதிரி இருக்க வந்தவளுக்குச் சாமான் அறையில் பாய் விரித்தார்கள். போர் வரப்போகிறது போல மேனேஜர் வாங்கி அடுக்கிய அரிசி மூட்டைகளுக்கும் பிஸ்கட் பெட்டிகளுக்கும் நடுவே அவள் படுத்தாள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அத்தனையும் இருக்க, அவளுக்கான சோறு எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தனித் தட்டில் வந்தது.

சிட்டு ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். மருத்துவர் பல்லைக் குடையும்போது எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற வேலை. ஒரு நாள் நோயாளி யாரும் இல்லாத நேரத்தில் மருத்துவர் விளையாட்டாக அவளை நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னார். விளக்கைத் திருப்பிப் பார்த்தவர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு மறுபடியும் பார்த்தார்.

"வெளிப்பக்கம் தேய்ஞ்சிருந்தா பிரஷ் மேல பழி போடலாம். உனக்கு உள்பக்கம் தேய்ஞ்சிருக்கு. இது வயித்துலேர்ந்து வர்ற அமிலம். எத்தனை நாளா இப்படிப் பண்றே?"

சிட்டு அழுதாள். கட்டுக்கடங்காமல் தின்பது, பிறகு பயந்துபோய் அதை வெளியே தள்ளுவது, அதன் பிறகு பட்டினி. கல்லூரிக் காலத்திலிருந்து நடப்பது. அதற்கு நோய் என்று ஒரு பெயர் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. மருத்துவர் அனுப்பி வைத்த பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் வாரம் ஒரு நாள் ஒரு நீள மேசை போடுவார்கள். அவளைப் போன்றவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். முடித்த பிறகும் எழுந்து போகாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நர்ஸ் கூடவே இருப்பாள். தடித்த லாரி டிரைவர் ஒருவரும் வருவார். "என் பொண்டாட்டிகிட்ட சின்ன வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வர்றேன். இதைவிட அதைச் சொல்றது ஈஸி," என்று சிரிக்கவைப்பார். சிட்டு வீட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்லியிருந்தாள். அந்த மேசை அவளை மெல்ல மெல்ல மனுஷியாக்கிக்கொண்டு வந்தது.

பிறகு காய்ச்சல்காரர்களுக்குப் படுக்கை போதாமல் பின்கட்டையும் எடுத்துக்கொண்டார்கள். மேசையை எங்கே போட்டார்களோ தெரியாது. நர்ஸ் மட்டும் வாராவாரம் போனில் விசாரித்தாள், பிறகு அந்தப் போனும் நின்றது. பல் மருத்துவமனையும் மூடிக்கிடந்தது. அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற தொழிலை அந்த நாளில் யார் செய்வார்கள்? வேலை நின்றது, மேசை நின்றது. மிச்சம் இருந்தது வீடு. அங்கே கூரையைத் தொடும்வரை தின்பண்டம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாப்பிள்ளையின் அம்மா.

கல்யாணம் தள்ளிப்போனதால் அந்த அம்மாள் வாராவாரம் வீடியோவில் மருமகளைப் பார்ப்பாள். "கொஞ்சம் திரும்பு கண்ணு. ம்ம், முகம் பூசின மாதிரி இருக்கே. வீட்லயே உக்காந்திருக்கல்ல, அதான். உடுப்பு தைக்கக் குடுத்தாச்சு, ஞாபகம் வெச்சுக்கோ," என்பாள். சொல்லிவிட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். என்ன நாகரிகம், என்ன அடக்கம் என்று அம்மா மெச்சிக்கொள்வாள். ஞாயிறு முடிந்தால் திங்கள் பட்டினி. செவ்வாய்க்கிழமை பகலில் சமையற்காரி மாடிக்குத் துணி உலர்த்தப் போகும்போது சிட்டு சாமான் அறைக்குள் நுழைவாள். பிறகு குளியலறை. குழாயை முழுதாகத் திறந்துவிட்டால் வெளியே கேட்காது.

உறைகளை என்ன செய்வது என்பதுதான் பெரும்பாடு. நோய்ப் பயத்தில் மேனேஜர் வீட்டுக் குப்பையைத் தானே கிளறி, மருந்தடித்து, முடிச்சுப் போட்டார். ஜன்னல் வழியே எறிந்தால் கீழ்வீட்டுக்காரர் பார்ப்பார். அந்த வீட்டில் யார் கண்ணும் போகாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சமையற்காரியின் பாய். சிட்டு அதன் கீழே திணித்தாள். வேலைக்காரி படுக்கிற இடத்தை யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். அங்கே ஒருத்தி படுத்துத் தூங்குகிறாள் என்பது அவளுக்கே சரியாக உறைக்கவில்லை.

சமையற்காரிக்கு எல்லாம் தெரியும். குளியலறை கழுவுகிறவளும் அந்த உறைகளின் மேல் படுக்கிறவளும் அவள்தானே. ஒரு நாள் வழியை மறித்துக்கொண்டு கேட்டாள்.

"என் பொண்ணு அங்க தட்டைத் தூக்கிட்டு இலவசச் சோத்துக்கு நிக்குது. நீங்க இங்க தின்னு தின்னு கக்கறீங்க. இது என்ன கொழுப்பு பாப்பா?"

"கொழுப்பு இல்லக்கா. வியாதி."

"எங்க தெருவுல இந்த வியாதி எவளுக்கும் வந்ததில்லையே." சிட்டு அழுதபோது அவள் கொஞ்சமும் இளகவில்லை. "அழுங்க. அதையும் நானே தொடைக்கறேன்." ஆனால் அம்மாவிடம் போய்ச் சொல்லவுமில்லை. அதன் பிறகு குளியலறையை முதல் வேலையாகக் கழுவினாள், அம்மா எழுவதற்கு முன்பே.

சமையற்காரியை அனுப்பிய மறுநாள் சிட்டு சமையலறைக்கு வந்தாள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அதெல்லாம் தின்னது நான்தான்."

கத்தி நிற்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"சாப்பிட்டுக் கை கழுவின உடனே எவடி குளிக்கப் போவா? குழாய்ச் சத்தம் கேட்டா எழுந்து வந்துடுவேன். என்ன பண்ணித் தொலையறாளோன்னு வெளியில நின்னுட்டிருப்பேன். அந்த ஆஸ்பத்திரி நர்சு பண்ணின போனை ஒரு நாள் நான் எடுத்தப்பவே பாதி புரிஞ்சு போச்சு. கல்யாணமாயி வேற ஊருக்குப் போயிட்டா, இனிமே கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டேன்."

வாராவாரம் வந்துகொண்டிருந்த போன் ஏன் நின்றுபோனது என்று சிட்டுவுக்கு இப்போது விளங்கியது. நர்ஸும் நோயில் விழுந்திருப்பாளோ, செத்துத்தான் போய்விட்டாளோ என்றுகூட அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுமா அவளைத் திருடின்னு அனுப்பினே?"

"பின்னே என்ன பண்ணச் சொல்றே? உங்கப்பா பெட்டியெல்லாம் காலியா இருக்கறதைப் பாத்துட்டார். யாரோ ஒருத்தர் எடுத்திருக்கணுமில்ல?" அம்மா கத்தியை வைத்துவிட்டு மகளின் கன்னத்தை ஈரக்கையால் தடவினாள். "வேலைக்காரி திருடின்னா வேற வேலைக்காரி வெச்சுக்கலாம். பொண்ணு வியாதிக்காரின்னா வேற பொண்ணையா வெச்சுக்க முடியும்? எனக்கு நீ ஒருத்திதானேடி."

அதை அவள் அன்போடுதான் சொன்னாள். வெங்காயமோ மகளோ, அவள் கண்ணில் நீரும் வந்தது.

அன்று பகலே சிட்டு குடியிருப்புக் குழுவில் எழுதினாள். எங்கள் வீட்டில் சாமான்களை எடுத்தது சமையற்காரி அல்ல, நான்தான். எனக்குச் சாப்பாடு சம்பந்தமான நோய் ஒன்று இருக்கிறது. அவர் மேல் போட்ட பழி பொய், படத்தை நீக்குங்கள். எழுதி அனுப்பிவிட்டு, வீடே இடிந்து தலையில் விழப்போகிறது என்று சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

முதல் பதில் மூன்றாம் மாடி ஆசிரியையிடமிருந்து வந்தது. 'ஓர் ஏழையின் பிழைப்பைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! கண் கலங்கிவிட்டது சிட்டு.' அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். பூங்கொத்துகள் வந்தன. கைகூப்பும் பொம்மைகள் வந்தன. 'மேனேஜர் சார் வளர்ப்பு அப்படி' என்றார் சங்கச் செயலாளர். 'இவ்வளவு ஒல்லியாக இருக்கிற பொண்ணு பெட்டி பெட்டியாகத் தின்றாளாம், பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை குழந்தைக்கு' என்று ஒருவர் சிரித்தார். இன்னொருத்தி, உடம்பை இப்படி வைத்துக்கொள்ள என்ன சாப்பிடுகிறாய் என்று தனியாகக் கேட்டு எழுதினாள். சமையற்காரியின் படம் அப்படியே இருந்தது. மேனேஜர் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, கூடத்துக்கு வந்து மகளின் தலையில் கை வைத்தார்.

"நல்ல மனசுதான். ஆனா இந்த மாதிரி ஆளுங்களுக்கு இரக்கம் காட்டக் கூடாதும்மா. தலைக்கு மேல ஏறிடுவாங்க."

"அப்பா, நான் எழுதினது நிஜம்."

"சரி சரி," என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

சிட்டு சமையற்காரிக்குப் போன் செய்தாள். நிறைய முறை அடித்து ஓய்ந்த பிறகு எடுத்தாள்.

"நான் எழுதிட்டேன்க்கா. எல்லாருக்கும் எழுதிட்டேன்."

"பக்கத்து வீட்டுக்காரி படிச்சுக் காட்டினா. அவளும் ஊரடங்குக்கு முன்னாடி உங்க கட்டடத்துலதானே தொடைச்சா, அவளுக்கு யாரோ அனுப்பியிருக்காங்க. உங்களைத் தெய்வம்ங்கறாங்களாமே." அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். "எனக்கு நீங்க வேலை பாத்துக் குடுத்த மாதிரி ஆச்சு. ரெண்டாவது கட்டடத்து அம்மா, ஊரடங்கு முடிஞ்சதும் வான்னு சொல்லியிருந்தாங்க. இப்ப வராதேன்னுட்டாங்க. என் தங்கச்சி புருஷன் டப்பாவையெல்லாம் மேல தூக்கி வெக்கிறான். எங்க தெருவுல நான் குழாயடிக்கு வந்தா குடத்தை நகத்தி வெச்சுக்கறாங்க."

"நான் என்னக்கா பண்ணட்டும்?"

"கேட்டேனே பாப்பா, அன்னிக்கு. ரெண்டு தடவை கேட்டேன். வாய் இருக்குல்ல, திங்கறதுக்கும் கக்கறதுக்கும் மட்டுமா அது? எழுதினா எவன் நம்பறான்? எழுத்து எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும். வாயைத் தொறந்து சொல்லணும், என் மூஞ்சிக்கு முன்னாடி."

வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா சிட்டுவுக்குத் தலைவாரிவிட்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, போனை ஜாடியின் மேல் சாய்த்து வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மாள் திரையில் மலர்ந்தாள்.

"எல்லாம் கேள்விப்பட்டேன் கண்ணு! இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசா? எங்க, இடது பக்கம் திரும்பு. அடடா, கன்னம் நல்லா வத்தியிருக்கே. இப்பத்தான் லட்சணமா இருக்கு."

"வேலைக்காரி இல்லையா, வீட்டு வேலையெல்லாம் இவளேதான் செய்யறா," என்றாள் அம்மா.

"அப்ப இனிமே வேலைக்காரியே வேண்டாம்னு வெச்சிடுங்க!" என்று அந்த அம்மாள் சிரித்தாள். கை வாயை நோக்கி எழுந்தது. பாதி வழியில் படம் உறைந்து நின்றது.

"ச்சே, இந்த நெட்டு," என்று அம்மா போனைத் தட்டினாள்.

சிட்டு அசையவில்லை. உறைந்த திரையில், கை வந்து மூடாத அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பற்களின் ஓரம் கண்ணாடி போல மெலிந்து, வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. உள்பக்கம் தேய்ந்தால்தான் அப்படி ஆகும். தன் வாயைக் கண்ணாடியில் விரித்துப் பார்க்கும் ஒவ்வொரு காலையிலும் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். படம் மறுபடி அசைந்து, கை வாயை மூடியது.

"அத்தை, உங்ககிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்."

அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே மாமியாரும் மருமகளும் ரகசியம் பேசுவதென்றால் சும்மாவா? கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"சாப்பிட்டதை நான் வாந்தி எடுக்கறேன் அத்தை. அந்தச் சாமானெல்லாம் நிஜமாவே நான்தான் தின்னேன்."

திரையில் சிரிப்பு நின்றது. அந்த அம்மாள் திரும்பி, தன் அறையில் வேறு யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டாள்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் எழுதினேன். யாரும் நம்பலை."

"நல்லதாப் போச்சு." அவள் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தாள். குரல் தணிந்தது, தணிந்த குரலில் பிரியம் கூட இருந்தது. "பயப்படாதே. நான் கல்யாணமாகி வந்தப்ப என் மாமியார் எல்லார் முன்னாடியும் என் இடுப்பைக் கையால சுத்திப் பிடிச்சுப் பாப்பாங்க. என்ன பண்றது? இதோ, இந்த வயசு வரைக்கும் பண்ணிட்டுத்தான் இருக்கேன். செத்தா போயிட்டேன்? பல்லை மட்டும் பாத்துக்கோ. கல்யாண போட்டோவுல அதுதான் காட்டிக் குடுத்துடும். நம்ம வீட்டுக்கு வா, மத்ததை நான் பாத்துக்கறேன்."

சிட்டு அவளையே பார்த்தாள். ஆஸ்பத்திரி மேசையில் இந்த அம்மாளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். யாரும் போடவில்லை. இப்போது அவளே சிட்டுவுக்குத் தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்லயும் சாமான் காணாமப் போயிருக்குமே அத்தை. யாரைச் சொன்னீங்க?"

நெட் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகம் கொஞ்ச நேரம் உறைந்த படம் போலவே நின்றது.

"பாத்திரம் தேய்க்க ஒருத்தி இருந்தா," என்றாள் கடைசியில். "கைக்குழந்தைக்காரி. பேரு கூட இப்ப ஞாபகம் இல்ல." சிரிக்கிற விஷயம் எதுவும் இல்லாமலே அவள் கை வாய்க்குப் போயிற்று.

சாயங்காலம் மேனேஜர் கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார். மாப்பிள்ளை வீட்டில் இனிமேல் தள்ளிப்போட விருப்பமில்லையாம். ஊரடங்கு தளர்ந்த முதல் நல்ல தேதியில் முடித்துவிடலாமாம். "உன்கிட்ட தனியாப் பேசினதுல அவங்களுக்கு அவ்வளவு திருப்தி. எங்க குடும்பத்துக்குன்னே பொறந்த பொண்ணுன்னு சொன்னாங்க."

சிட்டு எழுந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டினாள்.

"எங்க போறே?"

"அக்கா வீட்டுக்கு."

"எந்த அக்கா?" என்று அப்பா கேட்டார். அம்மா கேட்கவில்லை. அவள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். வாசற்கதவு திறந்திருந்ததால் கத்த முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "வெளியில நோய் கெடக்குடி. தேதி வெச்ச பொண்ணு. ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் ஒன்னும் சொல்லலையேம்மா. பூங்கொத்துல்ல குடுத்தாங்க."

கையை உருவிக்கொண்டு இறங்கினாள். கடைகள் அடைத்த சாலை நீண்டு கிடந்தது. திருப்பத்தில் நின்ற போலீஸ்காரர் பிரம்பை நீட்டி எங்கே என்று கேட்டார். "ஒருத்தர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள். "போன் இல்லையா உன்கிட்ட?" என்றார் அவர். "போன்ல சொன்னா போதாதாம்." என்ன நினைத்தாரோ, சாவு வீட்டுச் சேதி என்று நினைத்திருக்கலாம், பிரம்பைத் தாழ்த்தினார்.

சமையற்காரியின் தெரு குறுகலானது. தண்ணீர் வருகிற நேரம். பெண்கள் சுண்ணாம்பு வட்டங்களுக்குள் தள்ளித் தள்ளி நின்றிருந்தார்கள். கடைசி வட்டத்தில், எல்லாரையும்விட அதிகமாகத் தள்ளி, சமையற்காரி நின்றிருந்தாள். அந்த இடைவெளியை நோய்க்காக யாரும் விட்டிருக்கவில்லை. அவளுடைய மகள், புகைப்படத்தில் இருந்ததைவிட மெலிந்து, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சிட்டுவைப் பார்த்ததும் சமையற்காரி உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

"சொல்லுங்க," என்றாள்.

"அக்கா..."

"என்கிட்ட எதுக்கு? எனக்குத் தெரிஞ்சதுதானே. இவங்ககிட்ட சொல்லுங்க." குழாயடியில் நின்றவளைப் பார்த்துச் சொன்னாள்: "ஏய், அந்தக் குழாயைக் கொஞ்சம் மூடு. கேக்கட்டும்."

குழாய் நின்றது. இத்தனை மாதமும் எந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தாளோ அந்தச் சத்தம் நின்ற தெருவில், சிட்டு முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"எங்க வீட்ல இவங்க எதையும் திருடலை. நான்தான் எடுத்துத் தின்னேன். தின்னுட்டு வாந்தி எடுத்தேன். உறையெல்லாம் இவங்க பாய்க்குக் கீழ ஒளிச்சு வெச்சதும் நான்தான். இவங்க கேட்டப்ப எனக்குத் தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

பிறகு முன்வரிசையிலிருந்த ஒருத்தி உச்சுக் கொட்டினாள். "ஐயோ பாவம், பெரிய வீட்டுப் பொண்ணு. இவளுக்காக இவ்வளவு தூரம் நடந்து வந்து இப்படிச் சொல்லுதே. எவ்வளவு நல்ல பொண்ணு!"

சிட்டு வாயை அகலத் திறந்தாள். அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, விளக்கடியில் நோயாளி காட்டுவது போல மேலுதட்டை விரலால் தூக்கி, தேய்ந்து மெலிந்த பற்களைக் காட்டினாள். அந்தப் பெண் ஒரு அடி பின்வாங்கினாள். பக்கத்தில் நின்றவள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

சமையற்காரி அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் இளகவில்லை. தெருவின் கோடிவரை கண்ணை ஓட்டினாள். மகளைத் தன் முன்னால் இழுத்து, எல்லாருக்கும் தெரியும்படி நிறுத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க பாப்பா," என்றாள். "கடைசி வீட்டுக்குக் கேக்கலை."